வயதான காரையும் சுண்டு விரலால் திருப்பலாம்!

கரிசல் காட்டில் மழை பெய்த மறுநாள் பழைய ஜீப் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். ஸ்டீரிங் சக்கரத்துக்கு எவ்வளவு எடை உண்டு என்பது அப்போது தெரியும்!

சங்கரன்கோவில் பக்கத்தில் உள்ள குருவிகுளத்துக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அங்கே மண் கறுப்பு. கோடையில் வெடித்துக் கிடக்கும். மழை விழுந்தாலோ பசைதான். டயரைச் சுற்றி அப்பிக்கொள்ளும். அந்த நேரத்தில் வண்டியை வரப்போரம் திருப்ப வேண்டுமானால் இரண்டு கையும் போதாது. தோளும் வேண்டும், முதுகும் வேண்டும்.

அதனால்தான் இன்று புது டிராக்டர் வாங்கப் போகிறவர், "பவர் ஸ்டீரிங் உண்டா?" என்று கேட்கிறார். புதுக் கார் வாங்குகிறவருக்கு அந்தக் கேள்வியே தேவை இல்லை. அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கிறது.

சரி, பழைய காருக்கு என்ன வழி? அதிலும் ஐம்பது, அறுபது வருடங்களுக்கு முன்னே செய்த ஸ்போர்ட்ஸ் காருக்கு? வாலிபத்தில் ஆசை ஆசையாக வாங்கினார். இப்போது வயது எழுபது. கார் ஓடுகிறது, தோள்தான் ஓடவில்லை! அவர் காரை விற்றுவிட வேண்டியதுதானா?

வேண்டாம். பழைய காரிலும் பவர் ஸ்டீரிங் வைக்கலாம். ஆனால் அதில் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு வைக்க வேண்டும்.

ஏன் கனக்கிறது?

மாட்டு வண்டிக்கு ஸ்டீரிங் கிடையாது. மாடே ஸ்டீரிங்! கார் அப்படி அல்ல. முன் சக்கரம் இரண்டையும் மனிதன்தான் திருப்பியாக வேண்டும்.

என்ஜின் முன்னால் இருக்கிறது. அதன் பாரம் முன் டயர்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கார் ஓடும்போது டயர் உருண்டுகொண்டே திரும்புவதால் கஷ்டம் தெரியாது. நிற்கும்போது திருப்பினால் ரப்பர் தரையில் அரைபடுகிறது. அரைக்கிற அந்த வேலையை உங்கள் கை செய்கிறது.

அந்தக் காலத்து இன்ஜினீயர்கள் இதற்கு இரண்டு உபாயம் செய்தார்கள். ஒன்று, ஸ்டீரிங் சக்கரத்தைப் பெரிதாக வைத்தார்கள். இன்னொன்று, பல தடவை சுற்றினால்தான் டயர் முழுவதும் திரும்பும்படி பல்சக்கரம் போட்டார்கள். பழைய லாரி டிரைவர்கள் சக்கரத்தின் மேல் கவிழ்ந்து படுத்து, கை மாற்றி கை மாற்றிச் சுற்றியதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள்.

ஸ்போர்ட்ஸ் காரில் அந்த உபாயம் செல்லாது. வேகமாகப் போகிற கார் சட்டென்று திரும்ப வேண்டும். ஐந்து சுற்று சுற்றிக்கொண்டு இருக்க முடியாது. ஆகவே சுற்று குறைவு, கனம் அதிகம். கார் இலேசாக இருந்த வரையில் அது பெரிதாகத் தெரியவில்லை. பிறகு வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? அழகுக்காக அகலமான டயர் மாட்டினார்கள். பந்தயக் கார் மாதிரி குட்டி ஸ்டீரிங் சக்கரம் போட்டார்கள். கனம் இரட்டிப்பாயிற்று!

எண்ணெய் செய்த வேலை

இந்தக் கஷ்டத்துக்கு வழி கண்டவர் ஓர் அமெரிக்கர். பெயர் பிரான்சிஸ் டேவிஸ். பியர்ஸ் ஆரோ என்ற மோட்டார் கம்பெனியின் லாரிப் பிரிவில் இன்ஜினீயராக இருந்தவர். லாரியைத் திருப்ப டிரைவர்கள் படும் பாட்டைக் கண்ணால் பார்த்தவர்.

வேலையை விட்டார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வால்தம் என்ற ஊரில் சிறு பட்டறை வைத்து ஆராய்ச்சியில் இறங்கினார். 1926-ம் ஆண்டில் ஒரு பியர்ஸ் ஆரோ காரிலேயே தன் கருவியைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். கவனியுங்கள்: உலகத்தில் பவர் ஸ்டீரிங்கை நிரூபித்துக் காட்டிய அந்தக் காரே, சாதாரண ஸ்டீரிங்கோடு தொழிற்சாலையை விட்டு வந்து பிறகு மாற்றப்பட்ட கார்தான்!

அவர் செய்த யுக்தி என்ன? என்ஜினோடு ஓடும் ஒரு பம்பு. அது எண்ணெயைச் சுற்றவிட்டுக்கொண்டே இருக்கும். வாய்க்காலில் தண்ணீர் தடை இல்லாமல் ஓடுகிறதே, அது போல. ஸ்டீரிங்கைத் திருப்பியவுடன் ஒரு பக்கத்து மடை அடைபடும். எண்ணெய் முட்டிக்கொண்டு மறுபக்கம் பாயும். அந்த வேகத்தில் ஒரு தண்டைத் தள்ளும். தண்டு டயரைத் திருப்பும். மனிதன் மடையை மாற்றினால் போதும், பாடுபடுவது எண்ணெய்.

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி டேவிஸோடு ஒப்பந்தம் செய்தது. கார் வெளிவருவதற்குள் உலகத்தையே பணமுடை பிடித்துக்கொண்டது. செலவு கட்டாது என்று 1934-ல் கம்பெனி கைவிட்டுவிட்டது. மனிதர் சோர்ந்துவிடவில்லை. இரண்டாவது உலக யுத்தம் வந்தது. கனத்த ராணுவ வண்டிகளைத் திருப்ப ஆள் பலம் போதவில்லை. டேவிஸின் கருவி அங்கே ஏறியது.

யுத்தம் முடிந்தது. 1951-ல் கிரைஸ்லர் கம்பெனி தன்னுடைய இம்பீரியல் காரில் பவர் ஸ்டீரிங் வைத்து விற்பனைக்கு விட்டது. கடைக்கு வந்த முதல் பவர் ஸ்டீரிங் கார் அதுதான். அதில் இருந்தது டேவிஸின் பழைய யோசனை. காப்புரிமைக் காலம் முடிந்துபோன சரக்கு. ஜெனரல் மோட்டார்ஸ் விழித்துக்கொண்டு மறுபடியும் டேவிஸைத் தேடி ஓடியது. கால் நூற்றாண்டு காத்திருந்த மனிதருக்கு இது கொஞ்சம் இனிப்பாகத்தான் இருந்திருக்கும்!

பந்தயக் குதிரைக்கும் வந்தது

ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் வெகுகாலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "ரோட்டின் ஒவ்வொரு கல்லும் கைக்குத் தெரிய வேண்டும். எண்ணெய் நடுவில் புகுந்தால் அது தெரியாது" என்றார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனாலும் காலம் மாறிற்று. இத்தாலியின் பெராரி கம்பெனி 1967-ல் கொண்டுவந்த 365 ஜி.டி. 2+2 காரில் பவர் ஸ்டீரிங்கை வைத்தே விற்றது. இங்கிலாந்தின் ஜாகுவார் இ-டைப் 1961-ல் பிறந்தபோது கையால் திருப்பும் கார். 1968-ல் வந்த இரண்டாம் ரகத்தில் வேண்டியவர்களுக்குப் பவர் ஸ்டீரிங் கொடுத்தார்கள். 1971-ல் 12 சிலிண்டர் என்ஜின் போட்டபோது எல்லாக் காரிலும் வைத்துவிட்டார்கள். என்ஜின் பெரிதானால் தோள் தாங்குமா?

அடுத்த திருப்பம் ஜப்பானில். 1988-ல் சுசுகி கம்பெனி செர்வோ என்ற சின்னக் காரில் எண்ணெயே இல்லாத பவர் ஸ்டீரிங்கை வைத்தது. மின்சார மோட்டார்தான் உதவி! பம்பு இல்லை, பெல்ட் இல்லை, ஒழுகுவதற்குக் குழாயும் இல்லை. இரண்டே வருடத்தில் ஹோண்டாவின் என்.எஸ்.எக்ஸ். என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் மின்சார ஸ்டீரிங் வந்தது.

இந்த மின்சார ஸ்டீரிங்தான் பழைய கார்களுக்குப் புது வழியைத் திறந்தது. எண்ணெய்ப் பம்பு வைக்க என்ஜின் பக்கத்தில் இடம் வேண்டும். பழைய காரில் இடம் ஏது? மின்சார மோட்டாரோ டாஷ்போர்டுக்கு அடியில், ஸ்டீரிங் தண்டிலேயே ஒளிந்துகொள்ளும். வெளியே பார்த்தால் கார் பழைய கார்தான். மேலைநாடுகளில் இ-டைப், ஆஸ்டின் ஹீலி போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கென்றே அளவெடுத்துச் செய்து விற்கிறார்கள்.

நம் ஊரும் இந்தத் தொழிலுக்குப் புதிது அல்ல. 1929-ல் சென்னையில் மோட்டார் சாமான் வியாபாரமாகத் தொடங்கிய ரானே குழுமம், இன்று ஸ்டீரிங் சாமான்களுக்குப் பெயர் பெற்றது. லாரி, பஸ்களுக்குப் பவர் ஸ்டீரிங் செய்யும் தொழிற்சாலை திருச்சிக்குப் பக்கத்தில் விராலிமலையில் இருக்கிறது. முருகனும் மயிலும் உள்ள அந்த ஊர்தான்!

ஹெரால்டு சொல்லும் பாடம்

தமிழ்நாட்டுக்குச் சொந்தமான ஒரு கார் உண்டு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் செய்தார்கள். 1961-ல் வெளிவந்தது. உருவத்தை வரைந்தவர் மிக்கலோட்டி என்ற இத்தாலியர். இங்கிலாந்தில் இதே கார் டிரையம்ப் ஹெரால்டு. அதே அடிச்சட்டத்தைக் குறுக்கி எடுத்து அங்கே டிரையம்ப் ஸ்பிட்பயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஆக, நம் வண்டலூர் ஹெரால்டு ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் கூடப் பிறந்த அண்ணன்!

ஹெரால்டின் பெருமை அது திரும்புகிற அழகு. 25 அடி வட்டத்துக்குள் சுற்றிவிடும். லண்டன் டாக்சிக்கு உள்ள அதே அளவு. சின்னத் தெருவில் பின்னால் எடுக்காமலே திருப்பிவிடலாம். ஸ்டீரிங்கும் இலேசு.

அப்படிப்பட்ட ஹெரால்டு ஒன்று கனக்கிறது என்று வையுங்கள். சொந்தக்காரர் என்ன நினைப்பார்? "எனக்கும் வயதாகிவிட்டது, காருக்கும் வயதாகிவிட்டது. பவர் ஸ்டீரிங் வைத்துவிடுவோம்" என்று நினைப்பார்.

இங்கேதான் அபாயம்!

ஹெரால்டிலும் ஸ்பிட்பயரிலும் முன் சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடியில் ட்ரன்னியன் என்று ஒரு மரைக்கட்டை உண்டு. சக்கரம் அதில்தான் சுழன்று திரும்புகிறது. அதற்குக் கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும். பார்த்தால் கிரீஸ் அடிக்கிற இடம் மாதிரியே இருக்கும். ஆகவே பலர் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் மரைக்குள் சரியாக இறங்குவதில்லை. உள்ளே துருப் பிடிக்கிறது. இறுகுகிறது. ஸ்டீரிங் கனக்கிறது. அப்படியே விட்டால் ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கி விழும்.

ஸ்டீரிங்கின் கனம் என்பது அந்தக் காருக்கு வந்த வலி. வலி என்றால் எங்கோ நோய் இருக்கிறது. அந்த நேரத்தில் பவர் ஸ்டீரிங் வைப்பது, நோயைப் பார்க்காமல் வலி மாத்திரை போடுவதற்குச் சமம். மோட்டாருக்கு இறுகல் தெரியாது. இறுகிய சக்கரத்தையும் இலேசாகத் திருப்பிக் கொடுத்துவிடும். டிரைவரின் கைக்கும் எதுவும் தெரியாது. முறிகிற நிமிஷம்தான் தெரியும்!

ஆகவே முதலில் டயரின் காற்றைப் பாருங்கள். பல கார்களின் கனம் அங்கேயே தீர்ந்துவிடும். அகல டயர் போட்டிருந்தால் பழைய அளவுக்குத் திரும்புங்கள். குட்டிச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கம்பெனி கொடுத்த பெரிய ஸ்டீரிங் சக்கரத்தை மாட்டுங்கள். கிங்பின் உள்ள காரானால் கிரீஸ் ஏறுகிறதா என்று பாருங்கள். முன் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி வைத்து ஸ்டீரிங்கைத் திருப்பிப் பாருங்கள். பாரம் இல்லாதபோதும் இறுகினால், நோய் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தீர்க்காமல் மேற்கொண்டு போகாதீர்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் கனக்கிறதா? அப்போது பவர் ஸ்டீரிங்கைப் பற்றிப் பேசலாம்.

வேலை நடக்கும் விதம்

பழைய ஸ்டீரிங் தண்டை நடுவில் துண்டாக்கி, மோட்டார் உள்ள புதுத் தண்டை இடையில் சேர்க்கிறார்கள். புதுத் தண்டுக்குள் மெல்லிய ஓர் எஃகுக் கம்பி இருக்கிறது. நீங்கள் சக்கரத்தைத் திருப்பும்போது அந்தக் கம்பி மயிரிழை அளவு முறுகும். எவ்வளவு முறுகியது என்பதை ஒரு மின்கருவி அளக்கிறது. அதிகம் முறுகினால் கனம் அதிகம் என்று புரிந்துகொண்டு மோட்டார் அதிக உதவி செய்கிறது. கொஞ்சம் முறுகினால் கொஞ்சம் உதவி. இவ்வளவுதான் சூட்சுமம்.

மோட்டார் கெட்டுப்போனால் கார் திரும்பாதோ என்று பயப்பட வேண்டாம். தண்டு நேராக டயர் வரையில் போகிறது. மோட்டார் நின்றாலும் கையால் திருப்பலாம். முன்னை விடக் கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான்.

தண்டை இணைக்கிற இடம்தான் உயிர் நிலை. பட்டறையில், "இரண்டையும் சேர்த்து வெல்டிங் வைத்துவிடுகிறேன், கவலைப்படாதீர்கள்" என்று சொன்னால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்! பல் வெட்டிய இணைப்பை லேத்தில் கடைந்து, போல்ட் போட்டு இறுக்க வேண்டும். சாதாரண வெல்டிங் ரோட்டு அதிர்ச்சியில் கீறல் விட்டுப் போகலாம். கதவு வெல்டிங் விட்டால் கதவு விழும். ஸ்டீரிங் வெல்டிங் விட்டால்?

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மோட்டார் தண்டைத் திருப்பும்போது, தண்டு மோட்டாரைத் திருப்பித் தள்ளும். மோட்டாரின் கூட்டைக் காரின் உடம்போடு கெட்டியான பட்டையால் பிணைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் டயர் திரும்பாது, மோட்டார்தான் சுற்றிக்கொள்ளும்.

சிலர் சென்னை புதுப்பேட்டையில் பழைய சாமான் கடைகளுக்குப் போகிறார்கள். சின்னக் காரிலிருந்து கழற்றிய மின்சார ஸ்டீரிங் தண்டை வாங்கி மாட்டுகிறார்கள். செலவு குறைவு, உண்மை. ஆனால் அது எந்தக் காரிலிருந்து வந்தது? மோதி நசுங்கிய காரிலிருந்து வந்திருந்தால் தண்டு வளைந்திருக்கும். இந்த ஓர் இடத்தில் சிக்கனம் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதோடு, புதுக் காரின் மோட்டார் தன் காரின் வேகத்தை மின்சாரச் செய்தியாக எதிர்பார்க்கும். பழைய கார் அந்தச் செய்தியை எங்கே கொடுக்கும்? அதற்கென்று தனிப் பெட்டி வைத்து, உதவியைக் கூட்டிக் குறைக்கத் திருகு ஒன்று வைக்கிறார்கள். ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவது போல!

மின்சாரம் எங்கே?

பழைய கார்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோதான். அந்தக் காலத்து ஆங்கிலக் கார்களில் இருந்த லூகாஸ் டைனமோ ஒன்று முழு வேகத்தில் 22 ஆம்பியர் கொடுக்கும். என்ஜின் மெதுவாக ஓடும்போது கொடுப்பது சொற்பம். ஸ்டீரிங் மோட்டாரோ, காரை நிறுத்துமிடத்தில் திருப்பும்போது நொடி நேரம் 30 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். அதாவது, எப்போது மின்சாரம் அதிகம் வேண்டுமோ அப்போதுதான் டைனமோ தூங்குகிறது! பாட்டரி காலியாகும். ஆகவே ஆல்டர்னேட்டர் மாற்ற வேண்டும்.

அதற்கு முன் இன்னொரு சோதனை. 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல ஆங்கிலக் கார்களில் பாட்டரியின் பாசிட்டிவ் முனையைக் காரின் உடம்போடு இணைத்திருப்பார்கள். இன்றைய கார்களில் நெகட்டிவ் முனை. இதைக் கவனிக்காமல் இணைத்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி புகைந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-வது பிரிவு இருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் கண்ட விவரங்கள், வண்டி செய்த கம்பெனி குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்பது அதன் சாரம். கம்பெனி செய்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. உடல் ஊனமுற்றவர்கள் ஓட்டுவதற்கு ஏற்றபடி வண்டியை மாற்ற, பதிவு அதிகாரியின் அனுமதியோடு சட்டத்தில் இடம் உண்டு.

ஆகவே வேலை தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசில் விவரம் எழுதிக் கொடுத்துப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவியுங்கள். விபத்து நடந்த பிறகு, "ஸ்டீரிங்கை மாற்றியதை ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது.

யாருக்கு வேண்டும்?

ஹெரால்டுக்குத் தேவை இல்லை என்பதே என் அபிப்பிராயம். எண்ணெய் விட்டால் போதும். பொருட்காட்சியில் வைக்கிற கார்களுக்கும் வேண்டாம். கம்பெனி செய்தபடி இருப்பதுதான் அவற்றுக்கு மதிப்பு. கழற்றிய பழைய தண்டையும் துண்டாக்காமல் வைத்திருந்து வேறு தண்டில் வேலை செய்தால், பின்னால் வேண்டும்போது பழையபடி மாட்டிவிடலாம்.

ஆனால் தோள்மூட்டு தேய்ந்தவர் இருக்கிறார். கையில் ஆபரேஷன் ஆனவர் இருக்கிறார். அப்பா வைத்துவிட்டுப் போன கனத்த காரை ஓட்ட ஆசைப்படும் மகள் இருக்கிறாள். கரிசல் ரோட்டில் பழைய ஜீப்பை விட்டால் வேறு வண்டி இல்லாதவர் இருக்கிறார். இவர்களுக்கெல்லாம் இது ஆடம்பரம் அல்ல.

வேலை முடிந்து கார் கைக்கு வந்ததும் உடனே மெயின் ரோட்டுக்குப் போகாதீர்கள். ஆள் நடமாட்டம் இல்லாத திடலுக்குக் கொண்டுபோங்கள். மெதுவாக ஓட்டி, வளைவில் திருப்பிவிட்டுப் பிடியைத் தளர்த்துங்கள். சக்கரம் தானாக நடுவுக்குத் திரும்பி வர வேண்டும். வரவில்லையானால் உதவி அதிகம், திருகைக் குறையுங்கள். அடுத்து காரை நிறுத்தி, ஸ்டீரிங் மோட்டாரின் பியூசைக் கழற்றிவிட்டு மறுபடி மெதுவாக ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள். கனக்கும். ஆனால் எங்கும் பிடிக்காமல், சத்தம் போடாமல் கையால் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பினால் பியூசை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டி வாருங்கள்.